பன்னீரும் பாத வெடிப்பும்

(பத்து காவானில் நடைபெற்ற மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மண்டபத்தின் வாயிலில் எங்களுக்குப் பன்னீர் தெளித்து வரவேற்றீர்கள். அதன் மணம் இன்னும் எங்கள் கைகளில் இருக்கிறது. ஆனால், அதன் ஈரம் நாங்கள் நாற்காலியில் வந்து அமர்வதற்குள்ளாகவே உலர்ந்துவிட்டது. இன்று நாங்கள் சொல்ல வந்த செய்தியில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

கரும்புத் தோட்டமாகவும் பின்னர் செம்பனைத் தோட்டமாகவும் இருந்த இவ்வூர் இன்று தொழிற்பேட்டையாகிவிட்டது. 2014-ஆம் ஆண்டில் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபின் இதன் தோற்றமே வேறு. வெயிலிலும் வியர்வையிலும் உழைத்த தாய்மாரின் பெண்மக்கள் இப்போது குளிர்சாதனம் ஓயாது இயங்கும் தொழிற்கூடங்களில் கையுறை அணிந்து எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கின்றனர். அக்காற்றில் ஈரப்பதம் குறைவு. இத்தகைய வறண்ட காற்றினால் தொழிலாளரின் தோலில் அரிப்பும் சிவப்பும் உண்டாவதை 1980-ஆம் ஆண்டிலேயே ரைக்ராஃப்ட், ஸ்மித் என்ற இருவர் மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கின்றனர். எனவே, வேலைக்குச் செல்லும் பெண்கள் கைப்பையில் ஒரு பூநீர்ப் புட்டியை வைத்துக்கொண்டு அவ்வப்போது முகத்தில் பீய்ச்சிக்கொள்வதில் வியப்பில்லை. அதனால் பயன் உண்டா என்பதே நம் கேள்வி.

முதலில், பன்னீர் என்பது யாது? ரோஜா இதழ்களை நீருடன் கொப்பரையிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த கலத்தில் இறக்குவார்கள். வட இந்தியாவின் கன்னோசி நகரில் இன்றும் செம்புக் கொப்பரையும் மூங்கிற் குழாயுமே இதற்குக் கருவிகள். கலத்தில் சேரும் நீரின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதுவே அத்தர். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் பெற ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ வரை இதழ்கள் வேண்டும் என்றால் அதன் விலையைக் கேட்க வேண்டியதில்லை! எண்ணெயை எடுத்தபின் எஞ்சும் நீரே பன்னீர். ரோஜாவின் மணப்பொருள்களுள் ஒன்று நீரில் எளிதில் கரைவதால், எண்ணெயில் நில்லாத அந்த மணம் பன்னீரில் தங்கிவிடுகிறது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் தாழம்பூவையும் இவ்வாறே காய்ச்சி வடிக்கின்றனர். நம் வீட்டுப் புறக்கடையில் வளரும் பண்டான் அந்தத் தாழைக்கு உறவுதான்.

ஆக, எவ்வளவு உயர்ந்த பூநீராயினும் அது பெரும்பாலும் நீரே. மலிவான புட்டிகளிலோ நீருடன் செயற்கை மணமும் சில வேளைகளில் மதுசாரமும் கலந்திருக்கும். புட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். மதுசாரம் தோலை மேலும் உலர்த்தும். மணப்பொருள் சிலருக்கு ஒவ்வாது.

நீர்தான் என்பதற்காக அதை இகழவும் கூடாது. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க் என்பவர் ஓர் எளிய சோதனை செய்தார். காய்ந்து மொறமொறப்பான கால் காய்ப்புத் தோலை எண்ணெயில் ஊறவைத்தார். அது அப்படியே விறைப்பாக இருந்தது. நீரில் இட்டபோதோ வளைந்து கொடுத்தது. தோலை மென்மையாக்குவது எண்ணெயன்று, நீரே என்பது அன்று தெளிவாயிற்று.

பின் எண்ணெய் எதற்கு? தோலின் மேலடுக்கை அத்தாப்புக் கூரைக்கு ஒப்பிடலாம். உயிரற்ற செல்கள் கீற்றுகள்போல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, இடைவெளிகளைக் கொழுப்புப் பொருள்கள் அடைத்திருக்கின்றன. வீட்டுக் கூரை வெளிநீரை உள்ளே விடாது. இக்கூரையோ உள்நீரை வெளியே விடாது காக்கிறது. சுடுநீரில் நெடுநேரம் குளித்துக் காரமான சவர்க்காரத்தால் தேய்த்தால் அக்கொழுப்புக் கழுவப்படுகிறது. கூரை ஒழுகத் தொடங்குகிறது. ஒழுகும் கூரையின்மேல் பன்னீரைத் தெளித்து என்ன பயன்? தெளித்த நீரும் சற்று நேரத்தில் காற்றோடு போய்விடும்.

ஆகவே, முதலில் நீர், அதன்மேல் எண்ணெய். குளித்தவுடன் துவாலையால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காயுமுன், இரண்டு மூன்று நிமிடங்களுக்குள், தேங்காயெண்ணெயோ வாசலினோ மெல்லியதாகப் பூசுங்கள். 2004-ஆம் ஆண்டில் பிலிப்பைன்சில் வறண்ட தோலுடைய 34 பேரிடம் தேங்காயெண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, இரண்டும் ஒத்த பலனே தந்தன என்றது. பன்னீர் பிடிக்குமானால் தாராளமாகத் தெளித்துக்கொண்டு அதன்மேல் எண்ணெயைப் பூசலாம். விடியற்காலையில் மரம் வெட்டப் போகுமுன் கைகால்களில் எண்ணெய் தடவிக்கொண்ட நம் பாட்டிமார் எந்த ஏட்டையும் படித்தவர்கள் அல்லர்.

மலாய்ப் பெண்மணிகள் பயன்படுத்தும் 'பெடாக் செஜூக்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரிசியை வாரக்கணக்கில் நீரில் புளிக்க வைத்து, பலமுறை கழுவி, பண்டானும் மல்லிகையும் மணக்கச் சிறு துளிகளாகக் காயவைக்கும் குளிர்மாவு அது. வியர்க்கும் முகத்துக்கு அது சுகமானதே. ஆனால் மாவு ஈரத்தை உறிஞ்சும். ஏற்கெனவே வறண்ட தோலுக்கு ஏற்றதன்று. வீட்டில் காய்ச்சும் பண்டான் நீரும் ரோஜா நீரும் இரண்டொரு நாளில் கெட்டுவிடும். அவற்றைப் புண்ணிலும் வெடிப்பிலும் விடவே கூடாது.

வெடிப்பு என்றதும் எங்கள் அண்டை வீட்டுப் பாட்டி நினைவுக்கு வருகிறார். இருபது ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். குதிகாலில் வெடிப்பு, எரிச்சல் தெரியவில்லை. கோயிலிலிருந்து கொணர்ந்த பன்னீரை நாள்தோறும் அதில் விட்டு வந்தார். "குளுகுளுன்னு இருக்கு, ஆயிரும்மா" என்பார். காலுறையில் கறை கண்டு மகள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது புண் எலும்புவரை சென்றிருந்தது. முன்பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. நீரிழிவு நரம்பைத் தாக்கும்போது வலி மட்டுமன்றிப் பாதத்தின் வியர்வையும் குறைகிறது. அதனால்தான் அவர்களின் பாதம் வறண்டு வெடிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு என்றது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி.

இத்தகைய பாதங்களுக்கு யூரியா கலந்த களிம்பு நல்லது. செம்பனைக்குப் போடும் அதே யூரியாவா என்று சிரிக்கிறீர்கள்! பொருள் அதுவே, நம் தோலிலும் இயற்கையாக உள்ளதுதான். ஆனால் மூட்டை உரத்தை எவரும் கரைத்துப் பூசிவிடாதீர்கள். மருந்தகத்தில் களிம்பாகக் கிடைக்கிறது. கால்விரல் இடுக்குகளில் மட்டும் பூச வேண்டாம், ஈரம் தங்கிப் புண்ணாகும். வெடிப்பில் இரத்தமோ நீரோ கசிந்தால் அன்றே அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

அந்தப் பாட்டியின் மகள் இப்போது நாள்தோறும் இரவில் தாயின் இன்னொரு பாதத்தைக் கழுவி, ஒற்றி, களிம்பு பூசி, அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடியில் அவருக்கே காட்டுகிறாராம். பன்னீர்ச் செம்பு சாமி மாடத்தில் இருக்கிறது.