ரோட்டில் நின்று படம் எடுக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)



போன மாதம் ஒரு குழுவின் ஊக்குநர் அக்காவோடு நாங்கள் நடந்து வந்துகொண்டிருந்தோம். ரோட்டோரச் சாக்கடையில் தண்ணி சிவப்பாக ஓடுச்சு. அக்கா செல்போனில் ஒரு படம் எடுத்தாங்க. பக்கத்துக் கம்பெனி கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்து, "யாரைக் கேட்டும்மா போட்டோ எடுக்கறே? அழி"ன்னு போனைப் பிடுங்கினார். அக்கா பயந்து அழிச்சுட்டாங்க. கூட இருந்த நாங்களும் வாயைத் திறக்கலை. படித்த நாங்களே பேசாமல் நின்றது இன்னும் மனதை உறுத்துது. அதனால்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடிப் படித்தோம்.

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? நொய்யல் கதை நமக்குத் தெரியும். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயம் பாழாச்சு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் பிரச்சினை போச்சு. வாயால் சொன்னால் "எங்கே, எப்போ?"ன்னு கேட்பாங்க. தேதியும் இடமும் உள்ள படத்தைத் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்ற போட்டோகிராபர், 1908 முதல் நூல் மில்களில் வேலை செய்த சின்னக் குழந்தைகளைப் படம் எடுத்தார். பல மில்களில் உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகளை எடுத்தார். வயசையும் வேலையையும் குறித்து வைத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிராக அந்தப் படங்களே சாட்சி சொல்லின.

நம் நாட்டில், பொது ரோட்டில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படம் எடுக்கக் கூடாது என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. கம்பெனி காம்பவுண்டுக்குள் எடுக்க அனுமதி வேண்டும். ராணுவ இடம் போன்ற தடை செய்யப்பட்ட இடங்களில் எடுக்கக் கூடாது. ஆனால் போனைப் பிடுங்கவோ, படத்தை அழிக்கச் சொல்லி மிரட்டவோ வாட்ச்மேனுக்கு அதிகாரம் கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்குதுங்க. இதே போன் நமக்கு எதிராகவும் திரும்பும். ஹாஸ்டலில் குளிக்கிற, உடை மாற்றுகிற பெண்ணை மறைந்திருந்து படம் எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. நாமும் அடுத்தவர் முகத்தை, குறிப்பாகக் குழந்தைகள் முகத்தை, கேட்காமல் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

இனி என்ன செய்யலாம்?

* தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்க.
* சாக்கடையை எடுங்க, ஆளை எடுக்க வேண்டாம்.
* எடுத்தவுடன் குழுவில் இன்னொருவருக்கு அனுப்பிடுங்க. தேதி, நேரம், இடத்தைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.
* யாராவது மிரட்டினால் சண்டை போடாமல் நகருங்க. பெண்கள் உதவி எண் 181.
* படத்தோடு மனு எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் கொடுங்க.

அந்த அக்கா போன வாரம் எங்களிடம், "மறுபடியும் அங்கே போலாமுங்களா?"ன்னு கேட்டாங்க. போறோம். இந்தத் தடவை நாங்கள் வாய் மூடி நிற்க மாட்டோம்.