சைவருக்கும் வரும் கட்டி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் தேக்காவில் நண்பர்கள் கூடி நிற்கிறார்கள். ஒருவர் சட்டைக் கையை மடித்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்கிறார். புஜத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. "கொழுப்புக் கட்டிதான், விடு தம்பி." பெரும்பாலும் அதுதான் உண்மை. எப்போதாவது அதற்குள் பன்றி நாடாப்புழுவின் குஞ்சு குடியிருக்கும்.

"நான் சுத்த சைவம், எனக்கா?" என்று கேட்பார். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றவருக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். தசையில் கட்டி வருவது வேறு வழி. குடலில் புழு உள்ளவரின் மலத்தோடு முட்டைகள் வெளியேறுகின்றன. கழுவாத கை, அசுத்தத் தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அவை அடுத்தவர் வாய்க்குப் போகின்றன. அந்த முட்டையிலிருந்து வரும் குஞ்சுதான் தசையில் தங்குகிறது. பன்றியைத் தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களிலேயே இந்த நோய் மூளையில் வந்ததை 1992இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த வீடுகளில் வேலை செய்தவர்களைச் சோதித்தபோது ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது.

கட்டியைக் கண்டதும் கத்தியைத் தேட வேண்டியதில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சிறிய நீர்ப்பையும், அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் தெரிந்தால், புள்ளிதான் புழுவின் தலை. செத்துச் சுண்ணாம்பாகிப் போனவை எக்ஸ்ரேயில் அரிசிமணிகளாக, தசை ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். தொந்தரவு தராத அரிசிமணிகளை அப்படியே விட்டுவிடலாம்.

உயிரோடு இருக்கும் புழுவுக்கு ஆல்பெண்டசோல் உண்டு. ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே குடற்புழு மாத்திரைதான். அதற்காக நீங்களே வாங்கி விழுங்கிவிடாதீர்கள்! மூளையிலோ கண்ணிலோ இன்னொரு புழு ஒளிந்திருந்தால், அது சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு வரலாம், பார்வை கெடலாம். அதனால்தான் முதலில் தலையையும் கண்ணையும் பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் ஸ்டீராய்டும் சேர்க்கிறார்கள். ஒற்றைக் கட்டி வலித்தால் அறுத்தெடுப்பதும் உண்டு.

இதுவரை சொன்னது தசைக் கட்டி. எலும்பைப் பிடிப்பது பெரும்பாலும் இந்தப் புழுவல்ல, நாயின் நாடாப்புழு. அதனால் வரும் ஹைடாட்டிட் கட்டி மற்ற உறுப்புகளில் உறைபோட்டு உருண்டையாக நிற்கும். எலும்புக்குள் உறையே இல்லாமல் இண்டு இடுக்கெல்லாம் பரவும், முதுகெலும்பில் அதிகம். புற்றுக்கட்டியைப் போல முழுதாக வெட்டியெடுத்து, மாதக்கணக்கில் மருந்தும் கொடுக்க வேண்டும். யோசிக்காமல் ஊசி குத்தி நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமையில் உயிருக்கே ஆபத்து.

"சிங்கப்பூர் வந்து அஞ்சு வருஷம் ஆச்சே, இப்போ எப்படி வரும்?" என்பீர்கள். இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு, ஊர் திரும்பிப் பல ஆண்டு கழித்துத்தான் பன்றி நாடாப்புழுவால் வலிப்பு வந்தது. ஆகவே டாக்டர் "எப்போது ஊரிலிருந்து வந்தீங்க, எங்கெல்லாம் இருந்தீங்க?" என்று கேட்டால் பெர்மிட் விசாரணையோ என்று மிரளாதீர்கள். கட்டியின் வயதைத்தான் கணக்குப் போடுகிறார்.