பத்திரம் உங்க கையில, இடம் யார் கையில?

இன்னைக்குப் பேசப்போறது மனை வாங்குறவங்க பலர் கவனிக்காம விடுற ஒரு விஷயம்.

மூலப்பத்திரம் பார்த்தாச்சு. பட்டா பார்த்தாச்சு. 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழும் போட்டாச்சு. ஆனா ஒரு கேள்விக்கு இந்தப் பேப்பர்கள்ல பதில் இருக்காது: இப்போ அந்த இடத்துல யார் இருக்காங்க?

1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் என்ன சொல்லுது? தனியார் இடத்தை ஒருத்தர் அனுமதி இல்லாம, ஒளிவுமறைவு இல்லாம, 'இது என்னோடது'ன்னு தொடர்ந்து 12 வருஷம் வச்சிருக்கார். அதுக்குள்ள உரிமையாளர் கோர்ட்டுக்குப் போகலைன்னா, அவரோட உரிமையே போயிடும். இதைத்தான் எதிரிடை அனுபவம், அட்வர்ஸ் பொசஷன்னு சொல்றாங்க. இதை வச்சு, ஆக்கிரமிச்சவரே உரிமை கேட்டு வழக்குப் போடலாம்னு 2019-ல ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

வாங்குறவங்க மாட்டிக்கிற இடம் எது தெரியுமா? கை மாறினதால அந்த 12 வருஷம் முதல்ல இருந்து ஆரம்பிக்காது. விக்கிறவர் 9 வருஷம் கண்டுக்காம விட்டிருந்தா, உங்களுக்கு மிச்சம் 3 வருஷம்தான். 12-ம் முடிஞ்சிருந்தா, விக்கிறதுக்கு அவர்கிட்ட உரிமையே இருக்காது. 'எனக்குத் தெரியாதே'ன்னும் சொல்ல முடியாது. இடத்துல ஒருத்தர் இருந்தா, அவரோட உரிமை வாங்குறவருக்குத் தெரியும்னுதான் சொத்து மாற்றுச் சட்டத்தோட 3-வது பிரிவு எடுத்துக்குது.

ரொம்பவும் பயப்பட வேண்டாம். வாடகைக்கு இருக்கிறவரும், காவலுக்கு வச்சவரும் அனுமதியோட இருக்கிறவங்க. எத்தனை வருஷம் இருந்தாங்கங்கிறதை மட்டும் வச்சு இடம் அவங்களுக்குச் சொந்தமாகாது. எதிரிடை அனுபவம்னு சொல்றவர்தான் அதை நிரூபிக்கணும்.

அப்போ என்ன செய்யணும்? அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி நேர்ல போங்க. புரோக்கர் இல்லாம இன்னொரு தடவையும் போங்க. பக்கத்து வீட்டுல விசாரிங்க. சின்னக் குடிசையோ, மாட்டுக்கொட்டகையோ, பூட்டின ஷெட்டோ இருந்தா, யாரோடதுன்னு கேளுங்க. இருக்கிறவர்கிட்டயே பேசுங்க, அவர் ஒரு வாரிசாக்கூட இருக்கலாம். சர்வேயரை வச்சு அளந்து எல்லையைச் சரிபாருங்க. 'பதிவு முடியட்டும், காலி பண்ணித் தரேன்'ங்கிற பேச்சை நம்பாதீங்க. காலி பண்ணின பிறகு பதிவு பண்ணுங்க.

வாங்கின பிறகும் வேலை இருக்கு. வேலி போடுங்க, பட்டாவை உங்க பேருக்கு மாத்துங்க, வரி கட்டுங்க, அடிக்கடி போய்ப் பாருங்க. வெளிநாட்டுல இருந்தா, நம்பிக்கையான ஒருத்தரை அனுப்பிப் போட்டோ எடுக்கச் சொல்லுங்க.

யாராவது உள்ள வந்துட்டா, வக்கீல் நோட்டீஸ் அனுப்பினா போதும்னு இருந்துடாதீங்க. நோட்டீஸ் அந்த 12 வருஷக் கணக்கை நிறுத்தாது, வழக்குதான் நிறுத்தும். ஆள் வச்சு அடிச்சு விரட்டவும் போகாதீங்க, கேஸ் உங்க மேல திரும்பிடும். உங்க அனுபவத்துல இருந்த இடத்துல இருந்து சட்டவிரோதமா வெளியேத்தினா, 6 மாசத்துக்குள்ள தனி வழக்குப் போடலாம். அதுல பத்திரம் யார் பேர்லன்னு கோர்ட் பார்க்காது, யார் அனுபவத்துல இருந்தாங்கன்னுதான் பார்க்கும்.

வருஷக்கணக்கா இ.எம்.ஐ. கட்டப்போற இடம். இந்த வாரக் கடைசியில ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.