தொழிற்சாலை தரும் கூலியும் அது கேட்கும் விலையும்





சில காலத்துக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை என்னை அணுகினார். "மௌலவி, அடுத்த ஊர் ஆடைத் தொழிற்சாலையில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா?" என்று வினவினார். போக்குவரத்தைப் பற்றியும் ஆடையொழுக்கத்தைப் பற்றியுமே அவர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஆயினும் நான், "கட்டடத்தில் ஆபத்தென்று கண்டால் வெளியே வந்துவிட உங்கள் மகளுக்கு உரிமை உண்டா?" என்று கேட்டபோது அவர் வியப்போடு என்னை நோக்கினார். அவ்வினா ஏன் எழுந்தது என்பதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்துள்ளேன்.

கைத்தொழில்மயமாக்கத்தின் நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களை நோக்கி வந்தது. அதுவரை தம் பெயரில் ஒரு சதமேனும் கையில் எடுத்தறியாத எத்தனையோ பெண்கள் மாதச் சம்பளம் பெற்றனர். தம்பி தங்கையரைப் படிக்கவைத்தனர். பெருநாளைக்கு மட்டுமே புத்தாடை கண்ட வீடுகளில் இன்று அலுமாரி நிறைந்திருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு மலிவான இறக்குமதித் துணிகள் குவிந்தபோது, மருதமுனை போன்ற நெசவூர்களில் கைத்தறிகள் பல ஓய்ந்தன. தறிக்காலம் பொற்காலம் என்று நான் கூறவில்லை. நூல் கொடுத்த முதலாளியின் கடனில் மூழ்கியோரும் இருந்தனர். எனினும் உடல் நோகும்போது தறியை நிறுத்துவது நெசவாளியின் கையில் இருந்தது. தொழிற்சாலைக்குள் அந்தத் தீர்மானம் மேற்பார்வையாளரின் கைக்குப் போய்விட்டது. இங்கிலாந்திலும் இதே கதைதான்: பெரும்பாலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கமர்த்தக் கூடாது என்பதற்கு 1833இல் ஒரு சட்டமே தேவைப்பட்டது.

சகோதரர்களே, பங்களாதேஷின் டாக்கா நகருக்கு அருகேயுள்ள சாவாரில் ரானா பிளாஸா என்றொரு எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி அதன் சுவர்களில் வெடிப்புகள் தோன்றின. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது, கடைகள் மூடப்பட்டன. மறுநாட் காலை, மேல் மாடிகளில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் மட்டும் உள்ளே செல்லும்படி பணிக்கப்பட்டனர். வராவிட்டால் சம்பளம் இல்லையென்று அச்சுறுத்தப்பட்டனர். மின்சாரம் தடைப்பட்டது; மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கின; கட்டடம் சரிந்தது. 1,100க்கும் அதிகமானோர் மடிந்தனர். ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார். தையல்காரி இடிபாட்டுக்குள் இருந்தாள். இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாடு, 'வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தமையும் முடியாமற் போனமையும்தான்.

அதன் பின்னர் தொழிற்சாலைகளை மூடிவிடும்படி அத்தொழிலாளர் கோரவில்லை. அவர்களுக்குச் சம்பளம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், சட்டத்தால் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கையொன்றில் ஐரோப்பிய வர்த்தக நிறுவனங்கள் பல கையொப்பமிட்டன. தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. ஆபத்தான இடத்தில் வேலைசெய்ய மறுக்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டது. அவ்வொரு வரியை எழுதுவிக்க எத்தனை உயிர்கள்!

கூலியைத் தாமதியாது கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். நம் பிள்ளை வேலைக்குச் செல்லும்போது அக்கூலியின் கணக்கை மட்டும் கேட்பதில்லை. நமது நாட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில் வழங்குநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் வழங்குநர் மேலும் 3 சதவீதம் செலுத்த வேண்டும். பெண் பார்க்கச் செல்லும்போது எத்தனை விசாரிக்கிறோம்! வேலைக்கு அனுப்பும்போது ஏனோ வாய் திறப்பதில்லை.

அத்தந்தை மறுவாரம் மீண்டும் வந்தார். விசாரித்திருந்தார். அவசர வாயில்கள் பூட்டப்படுவதில்லை. சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தே செலுத்தப்படும். இரவில் மேலதிக நேர வேலையை மறுக்கலாமா என்பதற்கு மட்டும் அவருக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அதை முதல்நாளே கேட்கும்படி மகளிடம் சொல்லியனுப்பினோம்.