'இன்'னா, 'ஃப்ரம்'மா?



நம் சங்கத்தின் கடிதங்களும் நோட்டீஸ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. அவற்றில் 'இதனால் இது நடந்தது' என்று சொல்லும் இடத்தில்தான் நாம் அடிக்கடி வழுக்குகிறோம்.

தமிழில் 'ஆல்' என்ற உருபு போதும். 'மழையால் சுவர் ஊறியது' என்றாலும் 'சுவர் ஊறியது மழையால்' என்றாலும் பொருள் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'ரிசல்ட்' என்ற வினைக்குப் பின் 'இன்' வந்தால் அடுத்து வருவது விளைவு. 'ஃப்ரம்' வந்தால் அடுத்து வருவது காரணம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வங்கியில் வேலை பார்த்தபோது, எங்களிடம் கடன் வாங்கியிருந்த ஒரு கடைக்காரரின் கிடங்கில் மழைநீர் புகுந்து சரக்கு நனைந்தது. இன்ஷூரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். 'மழைநீர் புகுந்ததால் சேதம்' என்று எழுத நினைத்து, 'ஃப்ரம்' போட வேண்டிய இடத்தில் 'இன்' போட்டுவிட்டேன். 'சேதத்தால் மழைநீர் புகுந்தது' என்று ஆகிவிட்டது! கிடங்கு ஏற்கெனவே பழுதாகி இருந்ததா என்று கேள்வி வந்தது. விளக்கம் கொடுத்துப் பணம் வருவதற்குள் இரண்டு மாதம் கூடுதலாகப் போயிற்று. அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஆகவே சில சேர்க்கைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'லீட் டு', 'ரிசல்ட் இன்' இரண்டுக்கும் பின்னால் விளைவு வரும். 'டியூ டு', 'பிகாஸ் ஆஃப்', 'ரிசல்ட் ஃப்ரம்' மூன்றுக்கும் பின்னால் காரணம் வரும். 'பிகாஸ் ஆஃப்' என்றால் 'ரெயின்' என்ற ஒரு சொல் போதும். 'பிகாஸ்' மட்டும் என்றால் 'இட் ரெய்ன்ட்' என்று எழுவாயும் வினையும் வேண்டும். 'காஸ்' என்ற வினை பெரும்பாலும் கெட்டதோடுதான் சேரும்: டேமேஜ், டிலே, டிரபிள். 'தேங்க்ஸ் டு' நல்லதற்கு. கெட்டதற்குப் போட்டால் குத்தலாகிவிடும்.

மேல்வீட்டுக் குழாய்க் கசிவைப் பற்றி எழுதும்போது ஒரு சொல் மாறினால் பழியும் இடம் மாறும். பக்கத்து வீட்டு உறவும் கெடும். அனுப்புவதற்கு முன், எழுதிய வாக்கியத்தை அப்படியே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'ஆல்' காரணத்தின் மேல் உட்கார்ந்தால் அனுப்புங்கள். விளைவின் மேல் உட்கார்ந்தால் திருத்துங்கள்.