இல்லமே முதற் பள்ளி
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"குழந்தைக்கு இரண்டரை வயதாகிவிட்டது, இன்னும் ஓர் எழுத்தும் எழுதவில்லையே" என்று நம் சங்கத்தினர் பலர் எம்மிடம் வருந்துகின்றனர். அவர்களை யாம் குறை கூறுதற்கில்லை. அப்பிழையை யாமே செய்தோம். எம் மூத்த மகளின் விரலைப் பற்றி, அவ்வயதிலேயே சிலேட்டில் அகரம் வரைவித்தோம். சின்னாளில், சிலேட்டைக் கண்டாலே அவள் பாட்டியின் முந்தானைக்குள் ஒளியலானாள். அப்பாட்டியார் எம்மை ஒன்றும் கடிந்திலர். கீரை ஆயும்போது பேத்தியை அருகிருத்தி, இலை வேறு தண்டு வேறாகப் பிரிக்கச் செய்தார். விரல் பழகிற்று. நான்கு வயதில் பலப்பம் அவள் கையில் தானே அமைந்தது. எழுத்துக்கு முன்னர்க் கை பழகுதல் வேண்டும் என்பதைப் பண்டிதராகிய யாம், பள்ளி காணாத அம்மூதாட்டியாரிடமே கற்றோம்.

மேனாட்டறிஞரும் இதனை உணர்ந்துளர். 1907-ஆம் ஆண்டு உரோமாபுரியில் ஏழைச் சிறார்க்குப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், ஊற்றுதல், துடைத்தல், பொத்தானிடுதல் முதலிய வீட்டுத் தொழில்களையே பாடமாக வகுத்தார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார்.

இதற்குக் காசு வேண்டுவதில்லை. ஒன்றனுள் ஒன்று அடங்கும் கிண்ணங்களைக் கொடுங்கள். பெரிது சிறிது விளங்கும். தாம்பாளத்தில் இரு பாத்திரம் வைத்து, அரிசியைக் கரண்டியால் மாற்றச் செய்யுங்கள். கையும் கண்ணும் இசையும். சிந்தினால் சினவாதீர், திரட்டுதலும் பாடமே. வாசலிலுள்ள செருப்புகளை இணை சேர்க்கச் சொல்லுங்கள். பைக்குள் எலுமிச்சம்பழத்தையும் கரண்டியையும் இட்டு, காணாமலே தொட்டுப் பெயர் கூறச் செய்யுங்கள். பிசைந்த மாவில் ஓர் உருண்டை அதன் பங்காகட்டும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. புளியங்கொட்டை, கடலை, நாணயம் ஆகியன தொண்டையை அடைக்கும். கைக்கடிகாரத்துச் சிறு பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே கேடு. வாளியிலுள்ள சிறிதளவு நீரிலும் குழந்தை மூழ்கும். ஆதலின் பெரியவர் ஒருவர் அருகிருத்தல் இன்றியமையாதது.

அருகிருக்கப் பொழுதில்லை என்றே கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குத் திரை வேண்டா; நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் ஆகாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்திற்று. அத்திரை மழலைக்கு மறுமொழி கூறுமோ? கீரை ஆயும் பாட்டி கூறுவாள். அன்பர்களே, இன்று மாலை வீட்டில் முறத்தை எடுக்கும்போது, குழந்தையையும் அருகே அழையுங்கள். தந்தையரும் உடன் அமருங்கள்.