மிதிவண்டியும் மாதத்தின் நான்கு நாட்களும்

(மிதிவண்டிப் பிரச்சாரப் பயணத்திற்கு முன்பு, பல மாநிலத் தோழர்கள் கலந்துகொண்ட தொண்டர் வகுப்பில் ஆற்றிய உரையின் தமிழ் வடிவம்)



பயணத்தின் வழித்தடம், முழக்கங்கள், துண்டறிக்கைகள், இரவுத் தங்குமிடங்கள் ஆகியவற்றைப் பற்றி நேற்று முதல் விரிவாகப் பேசி வருகிறோம். காற்றடிக்கும் பம்ப் முதல் பஞ்சர் ஒட்டும் பசை வரை பட்டியலிட்டுவிட்டோம். அந்தப் பட்டியலில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றிப் பேசுமாறு அமைப்புக் குழு என்னைக் கேட்டுக்கொண்டது. நம்முடன் வரவிருப்போரில் சரிபாதிப் பேர் பெண்கள். அவர்களுள் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமியரும் உண்டு. பத்து நாள் பயணத்தில் அவர்களில் பலருக்கு மாதவிடாய் வரும். சிலருக்கு முதன்முறையாகவே வரக்கூடும். அதற்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா?

இது பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய செய்தி என்று கருதி ஆண் தோழர்கள் எழுந்து செல்ல வேண்டாம். எங்கே நிற்பது, எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று முடிவு செய்வோரில் பெரும்பாலோர் நீங்களே. ஆகவே முதலில் கேட்க வேண்டியவர்களும் நீங்களே.

மொழிபெயர்ப்புப் பணியில் நான் அடிக்கடி கவனிக்கும் ஒன்றைச் சொல்கிறேன். மாதவிடாயைக் குறிக்க நம் மக்கள் அதன் பெயரைச் சொல்வதே இல்லை. வங்காளத்தில் 'ஷொரீர் கராப்' என்பார்கள். உடம்பு சரியில்லை என்பது பொருள். இந்தி பேசும் ஊர்களில் 'மஹீனா' என்று மாதத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். தமிழில் 'தீட்டு' என்பார்கள். 'தூரம்' என்றும் சொல்வார்கள். நோயல்லாத ஒன்று நோயாகிறது. உடலின் இயல்பு தீட்டாகிறது. வீட்டுப் பெண் வீட்டுக்கே தூரமாகிறாள். பெயரிடப்படாத தேவைக்கு எந்த அரசின் வரவுசெலவுத் திட்டத்திலும், எந்த அமைப்பின் பயணத் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை.

மிதிவண்டி தூரத்தை வென்ற கதை நமக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். பீகாரில் 2006ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியரின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி எட்டாத் தொலைவில் இருந்த கிராமங்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. மேற்கு வங்கத்திலும் 2015இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கியது.

ஆனால் மிதிவண்டி மாணவியைப் பள்ளி வாயில் வரைதான் கொண்டு சேர்க்கும். அதற்குப் பிறகு? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் அரசுப் பள்ளிகளில் கட்டிய கழிப்பறைகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 15 மாநிலங்களில் நேரில் ஆய்வு செய்து, 2020இல் அறிக்கை அளித்தார். ஆய்வுக்குட்பட்ட கழிப்பறைகளில் 30 சதவீதம் பயன்பாட்டில் இல்லை. 72 சதவீதக் கழிப்பறைகளுக்குள் தண்ணீர் வசதி இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவும் வசதி இல்லை. மாதவிடாய் நாளில் நான்கு கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி வரும் ஒரு மாணவி அங்கே என்ன செய்வாள்? மறுநாள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். மாதம் மூன்று நான்கு நாட்கள் இவ்வாறு கழிந்தால், 'பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை' என்று வீட்டார் முடிவு கட்டுவதற்கு அதிக காலம் ஆகாது.

இனி, நம் பயணத்திற்கு வருவோம். மாதவிடாய் நாட்களில் மிதிவண்டி ஓட்டலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். தாராளமாக ஓட்டலாம். கருப்பைக்கு அதனால் கேடு எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலரும் இதே அச்சத்தைக் கிளப்பினார்கள். அனுபவம் அதைப் பொய்யாக்கிவிட்டது. மிதமான உடலியக்கம் பலருக்கு அடிவயிற்று வலியைக் குறைக்கவே செய்கிறது. 'கன்னித்தன்மை போய்விடும்' என்ற பேச்சும் எழும். கன்னிச்சவ்வின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பதற்கு அறிவியலில் இடமில்லை. இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஓட்டலாம் என்று சொன்னால் மட்டும் போதாது. எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, இருக்கை. அரசு தரும் மிதிவண்டிகள் பெரும்பாலும் ஒரே அளவில் வருகின்றன. சிறுமியரோ பல உயரத்தினர். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் ஏறத்தாழ நேராக நீள வேண்டும். இருக்கை அதைவிட உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் இடுப்பு இருபுறமும் அசையும், நாப்கின் நகரும், தொடை இடுக்கில் உராய்வுப் புண் வரும். புதிதாகக் கற்பவர்களுக்கு மட்டும், கால் தரையில் ஊன்றும்படி சற்றே தாழ்த்தி வையுங்கள். இருக்கையின் முனை மேல்நோக்கி இருக்கக் கூடாது, சமமாக இருக்கட்டும். ஒரு ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது, உடை. உடலோடு பொருந்தும் பருத்தி உள்ளாடையும், அதன்மேல் முழங்கால் வரையிலான இறுக்கமான கால்சட்டையும் அணிந்து, வெளியே சல்வார் அணிவது நல்லது. நாப்கின் நகராது, கறை வெளியே தெரிவதும் குறையும். துப்பட்டா சக்கரத்தில் சிக்காதபடி முடிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, நாப்கின். இருபுறமும் மடித்து ஒட்டும் சிறகு உடையது மிதிவண்டிக்கு ஏற்றது. வெயிலில் வியர்வையும் சேர்வதால் நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துவோரை ஏளனமாகப் பார்க்காதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்குப்படி 15 முதல் 24 வயது வரையிலான பெண்களில் பாதிப் பேர் துணியைப் பயன்படுத்துகிறார்கள். துணியில் குற்றமில்லை, சோப்பு போட்டுத் துவைத்து நேரடி வெயிலில் உலர்த்த வேண்டும். மற்ற துணிகளுக்கு அடியில் மறைத்து ஈரத்தோடு உலர்த்துவதுதான் கெடுதல். எனவே நம் தங்குமிடங்களில் வெயில் படும் கொடி ஒன்று பெண்களுக்கெனக் கட்டப்பட வேண்டும். மாதவிடாய்க் கோப்பையை ஏற்கெனவே பழகியவர்கள் பயணத்திலும் பயன்படுத்தலாம். எவரையும் வற்புறுத்த வேண்டாம்.

சிறுமியரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் மாதவிடாய் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து வயதுக்குள் வருகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் நாள் கணக்கு ஒழுங்காக அமையாது; ஆகவே நாளை எதிர்பார்த்து ஆயத்தமாவதும் இயலாது. ஒவ்வொரு சிறுமியின் பையிலும் இரண்டு நாப்கின்களும், மாற்று உள்ளாடையும், பழைய செய்தித்தாளும் இருக்கட்டும். ஐந்து சிறுமியருக்கு ஒரு பெண் தோழர் பொறுப்பேற்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய மாலையில் அவர் அவர்களோடு அமர்ந்து பேச வேண்டும். 'இரத்தம் கண்டால் பயப்படாதே, அடிபட்டதால் வந்ததன்று, நீ வளர்வதன் அடையாளம், என்னிடம் சொல்' என்று எளிய சொற்களில் சொன்னால் போதும். நாப்கின் வைக்கும் முறையை உள்ளாடை ஒன்றில் வைத்தே காட்டுங்கள். பல தாய்மார்களுக்கும் அதைக் காட்டிக் கொடுத்தவர் எவருமில்லை.

எவரும் வீரத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வலி மிகுந்தவர் அன்று பின்தொடரும் வண்டியில் அமர்ந்து வரலாம். காரணம் கேட்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலோ, தலைசுற்றினாலோ, ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதே ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உண்டு. நம் பயணத்தின் உணவுப் பட்டியலில் கீரை, பருப்பு, வேர்க்கடலை, வெல்லம் ஆகியவை இடம்பெறுவது இதனால்தான்.

ஆண் தோழர்களுக்கு மூன்று பணிகள். இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை, தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருக்கும் இடத்தில் பயணம் நிற்க வேண்டும். முன்கூட்டியே நேரில் சென்று பார்த்து உறுதி செய்யுங்கள். பயன்படுத்திய நாப்கின்களைச் சேர்க்க மூடியுள்ள வாளி ஒன்று பின்வண்டியில் இருக்கட்டும். எவருடைய உடையிலேனும் கறை தெரிந்தால், அருகிலுள்ள பெண் தோழரிடம் மெல்லச் சொல்லுங்கள். அதைக் கண்டு சிரிப்பவருக்கு நம் அணிவகுப்பில் இடமில்லை.

இவை நம் கையில் உள்ளவை. அரசின் கையில் உள்ளவற்றைப் போராடியே பெற வேண்டும். பீகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு 1992இல் கிடைத்தது ஊழியர்கள் நடத்திய போராட்டத்தினால். 2017இல் சானிட்டரி நாப்கினுக்கு விதிக்கப்பட்ட 12 சதவீத ஜிஎஸ்டி, 2018 ஜூலையில் நீங்கியதும் நாடு முழுவதும் பெண்கள் குரலெழுப்பியதால்தான். ஆறு நாப்கின் கொண்ட பொட்டலத்தை 6 ரூபாய்க்குக் கிராமங்களில் விற்கும் பணி ஆஷா ஊழியர் தலையில் சுமத்தப்பட்டது. அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை பொட்டலத்திற்கு 1 ரூபாய். மாணவியரின் நலமும் ஆஷா ஊழியரின் ஊதியமும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

எனவே பயண வழியில் நாம் நிற்கும் ஒவ்வொரு பள்ளியிலும், ஆசிரியரின் இசைவோடு, மாணவியரிடம் ஐந்து கேள்விகள் கேட்போம். கழிப்பறை திறந்திருக்கிறதா? உள்ளே தண்ணீர் வருகிறதா? தாழ்ப்பாள் இருக்கிறதா? குப்பைக்கூடை இருக்கிறதா? பள்ளியில் நாப்கின் கிடைக்கிறதா? எவர் பெயரும் எழுத வேண்டாம். பள்ளியின் பெயரும் விடைகளும் போதும். பயணம் முடியும் நாளில் அந்தப் பட்டியலை மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் அளிப்போம். மூன்று மாதம் கழித்து அதே பள்ளிகளுக்குத் திரும்பச் சென்று பார்ப்போம். வினாத்தாள் இந்தியிலும் வங்காளத்திலும் தமிழிலும் ஆயத்தமாக உள்ளது. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் தமக்குரிய படிகளைப் பெற்றுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.